கும்பிடு வேண்டாம், கணக்கு வேண்டும்!

தென்சீமையில் கொஞ்ச காலமாக ஒரு புதிய பஜனை நடக்கிறது. கோடீசுவரர் ஒருவர் கிராமத்துக்கு வந்துவிட்டாராம்! வேட்டி கட்டுகிறாராம்! சைக்கிள் மிதிக்கிறாராம்! வயல் வரப்பில் நின்றுகொண்டே கம்ப்யூட்டர் கம்பெனியை நடத்துகிறாராம்! முதலாளிப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாகப் படம் போட்டு மெய்சிலிர்க்கின்றன. நம்முடைய தோழர்களில் எத்தனையோ பேர் பிறந்தது முதல் வேட்டிதான் கட்டுகிறார்கள். அரை நூற்றாண்டாகச் சைக்கிள்தான் மிதிக்கிறார்கள். அவர்களை ஒரு பத்திரிகையாவது படம் பிடித்ததாக நமக்கு நினைவில்லை. போகட்டும்.

நாம் சொல்வது ஜோஹோ கம்பெனியின் ஸ்தாபகர் ஸ்ரீதர் வேம்புவைப் பற்றி. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறை என்ற கிராமத்தில் 2019 முதல் அவர் குடியிருக்கிறார். 2021-ல் சர்க்கார் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. பஜனை அன்று முதல் உச்ச ஸ்தாயிக்குப் போய்விட்டது.

பஜனை தென்காசியோடு நிற்கவில்லை. கரிசல் காட்டுக்கும் வந்துவிட்டது. எப்போதும்வென்றானிலும் எட்டயபுரத்திலும் கோவில்பட்டியிலும் பிள்ளைகளைப் படிக்க வைத்துவிட்டு வேலைக்கு ஏங்கி நிற்கும் தாய் தகப்பன்மார், “நம்ம பக்கத்துக்கும் இப்படி ஒருத்தர் வரமாட்டாரா?” என்று கேட்கிறார்கள். கேட்பதில் ஒரு தவறும் இல்லை. மானாவாரிக் காட்டை நம்பி, மேகத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தவர்கள் வேறெதைக் கேட்பார்கள்? ஆனால் இந்த ஏக்கத்தோடு இன்னொரு பேச்சையும் சேர்த்து அவிழ்த்து விடுகிறார்கள் சிலர். “கூலி, சங்கம், கொடி என்று சத்தம் போட்டால் இப்படிப்பட்ட மனுஷர்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பார்களா? வாயைப் பொத்திக்கொண்டு இருந்தால்தானே படியளப்பார்கள்!” இதுதான் அந்தப் பேச்சு. இதைப் பரப்புகிறவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். தீப்பெட்டி ஆபீசில் கூலி உயர்வு கேட்டால் முகம் சுளிப்பவர்கள். மில்லில் போனஸ் கேட்டால் கதவடைப்பு என்று மிரட்டுபவர்கள். அவர்களுக்குச் சௌகரியமான சாமி ஒன்று கிடைத்திருக்கிறது. சாமியை முன்னால் நிறுத்திப் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்க்கிறார்கள்.

ஆகவே அந்த மனிதரின் வாழ்க்கையையே எடுத்துப் பார்ப்போம். அவர்மேல் நமக்குத் தனிப்பட்ட பகை எதுவும் கிடையாது. நல்லதை நல்லது என்று சொல்ல நாம் கூசுகிறவர்களும் அல்ல.

தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். சென்னை ஐ.ஐ.டி.யில் 1989-ல் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் வாங்கி, அங்கேயே குவால்காம் என்ற பெரிய கம்பெனியில் வேலை பார்த்தார். 1996-ல் தம் சகோதரர்களுடனும் நண்பர்களுடனும் சேர்ந்து அட்வென்ட்நெட் என்ற கம்பெனியைத் தொடங்கினார். 2009-ல் அது ஜோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்டது. கணக்கு எழுத, கடிதம் அனுப்ப, வாடிக்கைக்காரர் விவரம் வைத்துக்கொள்ள உலகெங்கும் உள்ள கம்பெனிகள் இதன் சாப்ட்வேருக்கு மாதச் சந்தா கட்டுகின்றன. 2022-ல் ஆண்டு வருமானம் 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டதாகக் கம்பெனியே அறிவித்தது.

இதிலே நாம் ஒப்புக்கொள்ள வேண்டியது உண்டு. வெளியார் மூலதனத்தை வாங்கி, ஊதிப் பெருக்கி, பங்கு மார்க்கெட்டில் விற்றுவிட்டுக் கம்பி நீட்டும் கூட்டத்தில் இவர் சேரவில்லை. கம்பெனியைப் பங்கு மார்க்கெட்டுக்கே கொண்டு போகவில்லை. 2005 முதல், பட்டம் இல்லாத பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாத உதவித்தொகை கொடுத்துத் தொழில் கற்றுக்கொடுத்து, கம்பெனியிலேயே வேலைக்கு எடுக்கும் பள்ளி ஒன்றையும் நடத்தி வருகிறார்கள். தென்காசியில் 2011-ல் சின்னதாக ஓர் ஆபீஸ் திறந்தார்கள், அது வளர்ந்தது. கிராமத்துப் பிள்ளைக்கு மூளை உண்டு என்பதை இந்தப் பள்ளி பட்டணத்துத் துரைமார்களுக்கு நிரூபித்துக் காட்டிவிட்டது. நமக்கு அது புதிய செய்தி அல்ல. அவர்களுக்குப் புதிய செய்தி.

இதே நமது பக்கத்துப் பெண்பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். கரிசல் கிராமங்களிலிருந்து புரோக்கர்கள் வேனில் ஏற்றிக்கொண்டு போய்க் கோவை, திருப்பூர், திண்டுக்கல் மில்களில் விட்டார்களே, “சுமங்கலித் திட்டம்” என்று அதற்கு மங்கலகரமான பெயரும் வைத்தார்களே! மூன்று வருஷம் ஹாஸ்டலில் அடைத்து வைத்து, கூலியைப் பிடித்து வைத்து, கடைசியில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகத் தருகிறோம் என்று ஏமாற்றினார்களே! நடுவில் உடம்பு கெட்டுத் திரும்பிய பிள்ளைகளுக்கு அந்த மொத்தமும் இல்லை. அந்த மில் முதலாளிகளோடு ஒப்பிட்டால் வேம்பு எவ்வளவோ மேல். சந்தேகமே இல்லை.

ஆனால் தோழர்களே, மோசமான முதலாளியைக் காட்டி நல்ல முதலாளியைக் கும்பிடச் சொல்வது ஒரு பழைய வித்தை. நாம் கேட்பது வேறு. அந்தச் செல்வம் எங்கிருந்து வந்தது?

சென்னை ஐ.ஐ.டி. 1959-ல் ஏற்பட்டது. யார் பணத்தில்? இந்த நாட்டு ஜனங்கள் கட்டிய வரியில். 1934-ல் வெள்ளைக்காரன் தீப்பெட்டிக்கு எக்ஸைஸ் வரி போட்டான். அன்று முதல் அடுப்புப் பற்ற வைத்த ஒவ்வொரு ஏழையும், பீடி பற்ற வைத்த ஒவ்வொரு கூலியும் கஜானாவுக்குக் காசு போட்டிருக்கிறான். கோவில்பட்டியிலும் சாத்தூரிலும் குச்சி அடுக்கி, பெட்டி ஒட்டி, விரல் தேய்ந்த பெண்கள் உண்டாக்கிய சரக்கின்மேல் விழுந்த வரி அது. அந்தக் கஜானாவிலிருந்துதான் ஐ.ஐ.டி.யின் கட்டடமும் வாத்தியார் சம்பளமும் வந்தன. பெட்டி ஒட்டியவளின் மகன் அந்தக் கேட்டுக்குள் நுழைந்தானா என்பது வேறு விஷயம்.

பிறகு, அந்தச் சாப்ட்வேரை எழுதியது யார்? ஒரு தனி மனிதரா? ஜோஹோவில் வேலை பார்ப்பவர்கள் 18,000 பேருக்கு மேல். ராப்பகலாகக் கண் எரிய எரிய உட்கார்ந்து எழுதிய அந்தப் பிள்ளைகளின் உழைப்புத்தான் அத்தனை கோடியும். கம்பெனியின் பெரும்பகுதி சொத்தோ ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது. 18,000 பேர் உழைக்க, ஒரு குடும்பம் உலகக் கோடீசுவரர் ஜாபிதாவில் ஏறுகிறது. இதற்குத்தான் “ஸ்தாபகர்” என்ற மந்திரச் சொல். விதை போட்டவர் அவர் என்றே வைத்துக்கொள்வோம். எப்போதும்வென்றான் காட்டில் விதை போட்டவனுக்கு முழு வெள்ளாமையும் சொந்தம் என்றால், களை எடுத்தவளுக்கும் கதிர் அறுத்தவனுக்கும் என்ன பதில்?

வேம்பு 2025-ல் ஒரு கருத்தை எழுதினார். மெக்கானிக்கல் எஞ்சினீயரையும் பள்ளிக்கூட வாத்தியாரையும்விட சாப்ட்வேர் எஞ்சினீயர்கள் அதிகச் சம்பளம் வாங்குவது ஒன்றும் பிறப்புரிமை அல்ல. அது நிரந்தரம் என்று நினைத்துவிடக் கூடாது என்பது அதன் சாரம். செயற்கை அறிவு இயந்திரங்கள் வந்து நிலைமையை மாற்றிவிடும் என்று எச்சரிக்கிறார். பேஷ்! உண்மைதான். சம்பளம் பிறப்புரிமை அல்ல. அப்படியானால் லாபம் மட்டும் பிறப்புரிமையா? புது இயந்திரம் வந்தால் எஞ்சினீயரின் சம்பளம் இறங்கும் என்கிறவர், முதலாளியின் பங்கும் சேர்ந்து இறங்கும் என்று ஏன் எழுதவில்லை? மில் தொழிலாளிக்கு இந்தப் பாட்டு நன்றாகத் தெரியும். இரண்டு சைடு பார்த்தவனை நாலு சைடு பார்க்கச் சொன்னபோதும், புது மிஷின் வந்தது, ஆள் குறைப்பு தவிர்க்க முடியாது என்றுதான் சொன்னார்கள். மிஷின் யாருடைய வேலையைக் குறைத்தது? யாருடைய பெட்டியை நிறைத்தது?

மிஷினுக்கு நாம் விரோதி அல்ல. கோவில்பட்டிப் பக்கம் முழு இயந்திரத் தீப்பெட்டிகள் வந்தபோது கைவேலைப் பெண்களுக்கு வேலை போயிற்று. மருந்து நெடியில் இருமிச் சாகும் வேலையை மிஷின் எடுத்துக்கொண்டால் யாருக்கு வருத்தம்? அந்தப் பெண்களுக்கு வேறு வேலையோ நஷ்ட ஈடோ கொடுக்காமல் வீட்டுக்கு அனுப்பியதுதான் வருத்தம்.

இதே கம்ப்யூட்டர் தொழிலில் இன்னொருவர் கதையையும் பாருங்கள். திருச்சிக்காரர் கிரீஷ் மாத்ருபூதம். ஜோஹோவில் வேலை பார்த்துவிட்டு, 2010-ல் சென்னையில் தனிக் கம்பெனி தொடங்கினார். பிரெஷ்வொர்க்ஸ் என்பது அதன் இன்றைய பெயர். இவர் வெளியார் மூலதனம் வாங்கினார். 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்கு மார்க்கெட்டில் கம்பெனியை ஏற்றினார். பங்கு வைத்திருந்த ஊழியர் 500 பேருக்கு மேல் ஒரே நாளில் கோடீசுவரர்கள் ஆனார்கள் என்று தம்பட்டம் அடித்தார்கள். புதுக் கம்பெனிகளில் முதல் போடும் டுகெதர் என்ற நிதியையும் ஏற்படுத்தினார். மாமல்லபுரத்தில் பிள்ளைகளுக்குக் கால்பந்துப் பயிற்சி நிலையம் கட்டினார். ஸ்தாபகர், முதலீட்டாளர், புரவலர்: மூன்று பட்டமும் கச்சிதமாகச் சேர்ந்துவிட்டன.

2024 நவம்பரில் என்ன நடந்தது? அந்தக் கம்பெனி சுமார் 660 பேரை, அதாவது நூற்றுக்குப் பதின்மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பியது. கம்பெனி நொடித்துப் போயிற்றா? இல்லை. அதே சமயத்தில் 40 கோடி டாலர் செலவிட்டுத் தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கப் போவதாக அறிவித்தது! பங்குக்காரனுக்கு 40 கோடி டாலர். தொழிலாளிக்குக் கேட்டைக் காட்டும் விரல். கிரீஷ் அந்த வருஷம் மே மாதமே தலைமை நிர்வாகி நாற்காலியை ஓர் அமெரிக்கரிடம் கொடுத்துவிட்டுச் சேர்மனாக மட்டும் இருந்தார். 2025 டிசம்பரில் அந்தப் பொறுப்பையும் விட்டு முதலீட்டு வேலைக்கே போய்விட்டார். கால்பந்து மைதானம் நல்ல மைதானமாகவே இருக்கட்டும். வேலை போன 660 குடும்பங்கள் அங்கே போய்ப் பந்து உதைக்க முடியுமா?

இதைக் கண்டித்தவர்களில் வேம்புவும் ஒருவர். கம்பெனியின் பெயரைச் சொல்லாமல், கையில் 100 கோடி டாலர் வைத்துக்கொண்டு ஆளைக் குறைப்பவர்கள் தொழிலாளியிடம் விசுவாசத்தை எதிர்பார்க்கக் கூடாது என்று சாடினார். நாமும் கைதட்டினோம். ஆனால் அந்தக் கண்டனத்தால் ஒருவருக்காவது வேலை திரும்பக் கிடைத்ததா? 2025 ஜூலையில் டாட்டாவின் டி.சி.எஸ். கம்பெனி 12,000 பேரை நீக்கப் போவதாக அறிவித்ததே, எந்த நல்ல முதலாளியின் கண்டனம் அதைத் தடுத்தது? நல்ல மனசு ஒரு கம்பெனியின் கேட்டோடு நின்றுவிடுகிறது. அடுத்த கேட்டில் அதற்கு அதிகாரம் இல்லை. அதே கேட்டில்கூட, நாளைக்கு நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தால் என்ன ஆகும்? வேம்புவே 2025 ஜனவரியில் தலைமை நிர்வாகி பதவியை விட்டுத் தலைமை விஞ்ஞானி என்ற பொறுப்புக்குப் போய்விட்டார்.

முதலீட்டைப் பற்றியும் பேசுவோம். சாக்கடைக் குழிக்குள் மனிதனுக்குப் பதிலாக இறங்கும் “பாண்டிகூட்” என்ற இயந்திரத்தைக் கேரளத்து வாலிபர்கள் உண்டாக்கினார்கள். அவர்களது ஜென்ரோபாட்டிக்ஸ் கம்பெனியில் ஜோஹோ 2022-ல் பணம் போட்டது. இது நல்ல காரியம். நூறு தடவை சொல்வோம். மனிதனைக் குழிக்குள் இறக்கக் கூடாது என்று 2013-ல் சட்டமே வந்தது. ஆயினும் இன்றும் விஷவாயுவில் சாகிறார்கள். ஏன்? இயந்திரம் இல்லாமலா? அதை விலை கொடுத்து வாங்குவதைவிட, காண்டிராக்டருக்கு ஒரு தாழ்த்தப்பட்ட மனிதனின் உயிர் மலிவாக இருக்கிறது. முதலீட்டாளரால் இயந்திரம் செய்விக்க முடியும். அந்த உயிரின் விலையை ஏற்ற முடியாது. அதை ஏற்றுவது துப்புரவுத் தொழிலாளியின் சங்கமும் போராட்டமும்தான்.

இன்னொன்று. “சிப்” எனப்படும் செமிகண்டக்டர் தொழிற்சாலை கட்டப் போவதாக ஜோஹோ திட்டம் போட்டது. 2025 மே மாதம் அதை நிறுத்தி வைத்தார்கள். ஏராளமான மூலதனம் தேவை, சர்க்கார் ஆதரவு வேண்டும், வரி கட்டுவோர் பணத்தை வாங்குமுன் தொழில்நுட்பப் பாதை சரிதானா என்று உறுதி வேண்டும் என்று வேம்பு விளக்கம் சொன்னார். யோக்கியமான பேச்சு. அதில் ஒளிந்திருக்கும் உண்மையைக் கவனியுங்கள். பெரிய தொழில் என்று வந்துவிட்டால் கோடீசுவரரும் ஜனங்களின் பணத்தைத்தான் பார்க்கிறார்! ஜனங்கள் பணம் போட்டால் ஜனங்களுக்கு அதில் பங்கு எவ்வளவு? நிர்வாகத்தில் தொழிலாளிக்கு நாற்காலி உண்டா? இந்தக் கேள்வியைக் கேட்டால் மட்டும் பஜனை கோஷ்டிக்குக் காது அடைத்துவிடுகிறது.

இவர்கள் அடிக்கடி “சுதேசி” என்ற சொல்லைப் பிரயோகிக்கிறார்கள். மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தர்களின் மின்னஞ்சல் எல்லாம் ஜோஹோவுக்குப் போய்விட்டது. சுதேசி வென்றது என்கிறார்கள். அமெரிக்க ஏகபோகக் கம்பெனிகளிடம் நமது கடிதங்கள் சிக்கியிருப்பதைவிட இது மேல் என்பதில் நமக்குத் தகராறு இல்லை. ஆனால் சுதேசி என்றால் என்ன என்று கரிசல் பூமிக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். எப்போதும்வென்றான் எந்தத் தாலுகா? ஒட்டப்பிடாரம் தாலுகா! அந்த ஒட்டப்பிடாரத்தில் 1872-ல் பிறந்த வ.உ.சிதம்பரம் பிள்ளையைவிடப் பெரிய ஸ்தாபகர் யார்? 1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். மூலதனம் 10 லட்ச ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய். மொத்தம் 40,000 பங்கு. அந்தக் காலத்தில் நீராவிக் கப்பல்தான் உயர்ந்த தொழில்நுட்பம். வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனியோ கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து அவரை முடக்கப் பார்த்தது.

அந்த ஸ்தாபகர் என்ன செய்தார்? 1908 பிப்ரவரி 27-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தபோது, “சுதேசித் தொழிலுக்குத் தொந்தரவு வேண்டாம்” என்று உபதேசம் செய்தாரா? இல்லை! தொழிலாளிகளோடு போய் நின்றார். கூலி உயர்வு கேட்டார், வார விடுமுறை கேட்டார், பட்டினி கிடந்தவர்களுக்குச் சோற்றுக்கு வசூல் செய்தார். ஒன்பது நாளில் ஹார்வி துரைமார் பணிந்தார்கள். மார்ச் 12-ல் வ.உ.சி.யைப் பிடித்து அடைத்தது வெள்ளை சர்க்கார். ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை. அப்பீலில் தண்டனை குறைந்தது. ஆனால் சிறையில் செக்கிழுத்துவிட்டு 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கம்பெனி இல்லை, கப்பல் இல்லை. பத்மஸ்ரீயும் இல்லை.

கப்பலை மட்டும் ஓட்டிக்கொண்டு மில் பக்கம் போகாமல் இருந்திருந்தால் அவர் பெரிய தனவந்தராகச் செத்திருக்கலாம். அவருக்குச் சுதேசி என்பது தொழிலாளியின் கூலியையும் சேர்த்துத்தான். இன்றைய சுதேசிப் புகழ்மாலைகளை நாமும் வாங்கிப் படித்துப் பார்த்தோம். “சங்கம்” என்ற சொல் ஒன்றில்கூட நம் கண்ணில் படவில்லை.

படியளப்பவர் வந்தால்தான் வாழ்வு என்கிறார்களே, கோவில்பட்டிக்குப் பஞ்சாலை எப்போது வந்தது? 1891-ல். ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. மில் வந்த மாத்திரத்தில் தொழிலாளிக்கு விடிந்துவிட்டதா? விடியவில்லை. வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வேலை வரம்பை 1948-ன் தொழிற்சாலைச் சட்டம் உறுதி செய்தது. பிராவிடண்ட் பண்டு 1952-ல் வந்தது. போனஸ் சட்டம் 1965-ல் வந்தது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் தடியடி உண்டு, சிறை உண்டு, பட்டினி உண்டு. எந்தப் புரவலரும் தட்டில் வைத்துக் கொடுக்கவில்லை. கொடுத்ததைப் பறிக்கத்தான் அவர்கள் துடிக்கிறார்கள். இன்போசிஸ் நாராயணமூர்த்தி 2023-ல் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்கச் சொன்னார். எல் அண்டு டி சேர்மன் 2025-ல் 90 மணி என்றார். தமிழ்நாட்டிலேயே 2023 ஏப்ரலில் 12 மணி வேலைக்கு இடம் தரும் மசோதாவைச் சட்டசபையில் நிறைவேற்றினார்கள். தொழிற்சங்கங்கள் ஒன்றாக எழுந்து நின்ற பிறகே மே தினத்தில் வாபஸ் வாங்கினார்கள்.

விவசாயக் கூலித் தோழர்களின் நிலை என்ன? நூறு நாள் வேலை 2005-ல் சட்டமாக வந்தது. அது தர்மம் அல்ல, உரிமை. வேலை கொடு என்று கேட்டால் கொடுத்தாக வேண்டும். 2025-26-ல் தமிழ்நாட்டில் அதன் கூலி நாளுக்கு 336 ரூபாய். 2025 டிசம்பரில் பார்லிமெண்டில் அதன் இடத்துக்கு வேறொரு சட்டத்தை நிறைவேற்றினார்கள். 125 நாள் தருகிறோம் என்கிறார்கள். ஆனால் முன்பு கூலி முழுவதையும் மத்திய சர்க்கார் ஏற்றது; இப்போது செலவில் நூற்றுக்கு நாற்பதை மாநிலத்தின் தலையில் கட்டுகிறார்கள். விதைப்பு அறுப்புக் காலத்தில் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கவும் இடம் வைத்திருக்கிறார்கள். ஏன் நிறுத்த வேண்டும்? அந்த நாட்களில்தானே கூலிக்காரன் பேரம் பேச முடியும்! உரிமை இப்படிக் கரையும்போது “புரவலர் வருவார்” என்ற பேச்சு பெருகுகிறது. இந்த இரண்டும் ஒரே சமயத்தில் நடப்பது தற்செயல் என்று நாம் நம்பவில்லை.

புரவலர் ஒருவர் ஒரு கிராமத்தைத் தத்தெடுப்பார். மத்தளம்பாறைக்குப் பள்ளி வரும், ஆபீஸ் வரும். எப்போதும்வென்றானுக்கு? அவருக்கு அருவியும் மலையும் பிடித்திருக்கிறது, தென்காசிக்குப் போனார். நம்மிடம் இருப்பது கரிசலும் கருவேலும்தான். கரிசல் காட்டில் வந்து இறங்கியிருப்பவை காற்றாலைகளும் சோலார் தகடுகளும். நிலத்துக்குச் சொந்தக்காரன் காசு வாங்கினான். அந்த நிலத்தில் களை எடுத்தும் பருத்தி எடுத்தும் பிழைத்தவளுக்கு என்ன கிடைத்தது? காற்றும் வெயிலும் நம் ஊருடையவை; கரண்டு விற்ற காசு எங்கேயோ போகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மானாவாரிப் பயிர் அழுகியபோது, மக்காச்சோளத்தைப் படைப்புழு தின்றபோது, ஜனங்கள் தாலுகா ஆபீஸ் முன்னால்தான் போய் நின்றார்கள். ஏனென்றால் தாலுகா ஆபீஸ் பதில் சொல்லக் கடமைப்பட்டது. புரவலரின் வாசலில் கெஞ்சலாம்; கணக்குக் கேட்க முடியாது.

ஆகவே கம்ப்யூட்டர் வேலைக்குப் போகும் நம் வீட்டுப் பிள்ளைகளை நாம் தடுக்கவில்லை. தாராளமாகப் போங்கள். தீப்பெட்டி ஆபீசில் பெட்டி ஒட்டிய அம்மாவின் பிள்ளை சாப்ட்வேர் எழுதினால் நமக்குத்தான் பெருமை. போகும்போது நியமன உத்தரவைக் கையில் வாங்குங்கள். பி.எப். நம்பரைக் கேட்டு வாங்குங்கள். வேலை நேரம் எவ்வளவு, நீக்கினால் எத்தனை மாத நோட்டீஸ், நஷ்ட ஈடு என்ன என்று எழுத்தில் கேளுங்கள். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களுக்குச் சங்கம் கிடையாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அவர்களும் சங்கம் வைக்கலாம் என்று தமிழ்நாடு சர்க்கார் 2016-லேயே தெளிவாக்கிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதுத் தொழில் உறவுச் சட்டம் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் நோட்டீஸ் என்று கழுத்தில் சுருக்குப் போட்டிருக்கிறது. 300 பேருக்குக் குறைவாக உள்ள தொழிற்சாலையில் சர்க்கார் அனுமதி இல்லாமலே ஆள் குறைக்கலாம் என்று முதலாளிக்கு வழிவிட்டிருக்கிறது. அந்தச் சட்டத்தாலும் ஒன்றை மட்டும் மாற்ற முடியவில்லை. சங்கத்தைப் பதிவு செய்ய மனுவில் ஏழு பேர் கையெழுத்துப் போட்டால் போதும். அந்த இடத்துத் தொழிலாளிகளில் பத்தில் ஒருவர், அல்லது நூறு பேர், சேர்ந்திருக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளிகள் 2024-ல் 37 நாள் வெயிலில் உட்கார்ந்தார்கள். 2025 ஜனவரியில் அவர்களுடைய சங்கம் பதிவாயிற்று. அவர்களுக்கும் முதலில் இதே உபதேசம்தான் நடந்தது: சத்தம் போட்டால் கம்பெனி ஓடிவிடும் என்று. கம்பெனி அங்கேயேதான் இருக்கிறது.